தாகக் கணக்கு

ஓடப் போவதற்கு முன்னால் ஒரு தடவை. ஓடி வந்து, நனைந்த துணியைக் களைந்து, துண்டால் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை மிஷினில் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இளைப்பதற்காக என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் காணாமல் போகிற ஒரு கிலோ எங்கிருந்து கொழுப்பாக இருக்கும்? எல்லாம் தண்ணீர்தான். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொண்டால் மணிக்கு எவ்வளவு வியர்க்கிறது என்ற கணக்கு கிடைத்துவிடும். எனக்குப் பிப்ரவரியில் 900 மில்லி. மார்ச் கடைசியில் 1,200.

இதைச் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நாலு வருஷமா நான் பண்றதை நீ இப்பதான் கண்டுபிடிச்சியா?" என்றார்.

அவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர். செவ்வாய், வியாழன், சனி. உள்ளே போனதும் முதல் வேலை எடை பார்ப்பது. முடிந்து கிளம்பும்போது மறுபடியும் எடை. அவருடைய 'டிரை வெயிட்' 58 கிலோ. உடம்பில் தேங்கியதெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை அது. செவ்வாய்க்கிழமை காலையில் மிஷின் 60.8 காட்டினால், சனிக்கிழமைக்கு அப்புறம் உள்ளே போன தண்ணீர், காபி, ரசம், தெரியாமல் தின்ற இரண்டு துண்டு தர்பூசணி எல்லாம் சேர்ந்து 2.8 லிட்டர், வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. அந்த 2.8 லிட்டரை நாலு மணி நேரத்தில் மிஷின் இழுத்து எடுக்கும். கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நர்ஸ் ஓடிவந்து பாதத்தை மடக்கிப் பிடிப்பார். எனக்கு 18ஆவது கிலோமீட்டரில் பிடிக்கிற அதே இடம்.

ஒரு நாளைக்கு அவருக்கு 750 மில்லிதான். சித்தி ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் அந்தக் கோடு வரை தண்ணீர் நிரப்புவார். அரை டம்ளர் காபி குடித்தால், அதே அரை டம்ளர் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். மோர், ரசம், மாத்திரை விழுங்கிய தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான். சாயங்காலம் பாட்டிலில் என்ன மிச்சமோ அதுதான் ராத்திரிக்கு. அந்த வீட்டில் செழிப்பாக இருப்பது துளசி மட்டும்தான் என்பது சித்தப்பாவின் ஜோக்.

தாகம் தாங்காதபோது ஐஸ் கட்டி. ஒரு கட்டி 20 மில்லிக்குள் அடங்கும், வாயில் பத்து நிமிஷம் நிற்கும். அதையே தண்ணீராகக் குடித்தால் ஒரு மடக்குகூட வராது.

எனக்கு ஆறாமல் இருக்கிற விஷயம் வேறு. டயாலிசிஸ் மிஷினில் ரத்தம் ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் சுத்திகரித்த நீர்க்கரைசல் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 120 லிட்டர். கைக்கு எட்டும் தூரத்தில் 120 லிட்டர் ஓடிக்கொண்டிருக்க, அவர் உதட்டை நாக்கால் தடவியபடி படுத்திருப்பார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மதுராந்தகம் பக்கம் முப்பது வருஷம் ஓட்டினார். இன்ஜின் பக்கத்திலேயே இருந்த பழைய வண்டிகள் அவை. மே மாதத்தில் பெடலில் வைத்த கால் செருப்போடு சுடுமாம். நடு வழியில் ஒன்றுக்குப் போக இறங்க முடியாது என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டாராம். சிறுநீரகம் போனதற்கு டாக்டர் சொன்ன காரணம் இருபது வருஷத்துச் சர்க்கரை. சித்தப்பா சொல்கிற காரணம் அந்த முப்பது கோடைகள். இரண்டில் எது எவ்வளவு என்று இனிமேல் யார் பிரித்துச் சொல்லப் போகிறார்கள். ஆனால் அவர் சொல்வதை நான் சிரித்து ஒதுக்குவதில்லை. நிகரகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத இளம் கூலிகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதைப் பற்றிப் பல வருஷமாக ஆராய்கிறார்கள். அங்கே சந்தேகப்படும் காரணங்களில் வெயிலில் தண்ணீர் இல்லாமல் உழைப்பதும் முக்கியமான ஒன்று.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன்.

சித்தப்பா போகும் மையத்தை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஒரு தடவைக்கு ஆகும் செலவு 1,100 ரூபாய். முடிந்தவர்கள் கட்டுகிறார்கள், சிலருக்கு அரசுக் காப்பீட்டில் வருகிறது, இரண்டுக்கும் வழியில்லாதவர்களுக்கு நன்கொடைப் பணம். அந்த நன்கொடைக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈசிஆரில், ஓட்டம். 5, 10, 21.1 கிலோமீட்டர். தேதி: ஏப்ரல் முதல் ஞாயிறு.

ஏப்ரலா என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். சென்னையில் ஓடத் தோதான மாதங்கள் டிசம்பர், ஜனவரி, தப்பினால் பிப்ரவரி பாதி. அந்த ஞாயிறுகளையெல்லாம் பெரிய ஓட்டங்கள் பிடித்துக்கொள்கின்றன. சிறிய அறக்கட்டளைக்கு போலீஸ் அனுமதியும் விளம்பரதாரரும் சேர்ந்து கிடைத்த நாள் அதுதான். பெரிய கல்யாணங்கள் தையில் மண்டபத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு மிஞ்சுகிற முகூர்த்தம் போல.

நான் 43 வயதுக்காரி. வங்கி வேலை. நாலு வருஷமாக ஓடுகிறேன், வேகமாக இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டயாலிசிஸ் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். 21 கிலோமீட்டர், 21 பேருக்கு ஒரு தடவை, மொத்தம் 23,100 ரூபாய். வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். பள்ளிக்கூடத் தோழிகள் உடனே அனுப்பினார்கள். மேனேஜர் 500 ரூபாய் ஜிபே பண்ணிவிட்டு வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் நீங்கள் புது வரித் திட்டத்தில் இருக்கிறீர்களே, அதில் அந்தக் கழிவு கிடையாதே என்றேன். "தெரியும்மா, ஒரு ஆசைதான்" என்றார்.

பெரியம்மாதான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "ஏண்டி, பணம் கொடுக்கணும்னா கொடுத்துட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு ரோட்டுல ஓடணும்? நீ ஓடினா அவனுக்குக் கிட்னி வந்துருமா?"

வராது. என்னிடம் நல்ல பதிலும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். "டயாலிசிஸுக்கு நன்கொடை தாருங்கள்" என்று போன வருஷம் அனுப்பிய செய்திக்கு நாலே பேர்தான் பதில் போட்டார்கள். "ஏப்ரல் வெயிலில் 21 கிலோமீட்டர் ஓடப் போகிறேன்" என்ற செய்திக்கு அறுபது பேருக்கு மேல். ஒருத்தி கஷ்டப்படப் போகிறாள் என்றால் நம் ஆட்களுக்கு மனசு இளகிவிடுகிறது. இதை வெளிநாட்டு வழக்கம் என்று சொல்கிறவர்கள் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வழியெல்லாம் மோரும் பானகமும் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கூப்பிட்டா கொடுக்கிறார்கள்? நடக்கிறவருக்குத்தான் கொடுக்கிறார்கள். இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அது முருகனுக்கு" என்றார். ஆனால் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்.

கடைசியில் சேர்ந்தது 41,800 ரூபாய். 38 தடவைக்கு ஆகும். ஒருவருக்கே என்று வைத்தால் பதின்மூன்று வாரம்கூட வராது. அறுபது பேரிடம் கை நீட்டி, மூன்று மாதம் ஓடிப் பழகி, ஒரு மனிதரின் ஒரு காலாண்டு. டயாலிசிஸ் எவ்வளவு பசியுள்ள பிராணி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெயிலில் ஓடிப் பழகுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். 2018 லண்டன் மாரத்தான் அதுவரை நடந்ததிலேயே அதிக வெப்பமானது என்று பதிவாகியிருக்கிறது. அன்று அங்கே உச்ச வெப்பம் 24.1 டிகிரி. நம் ஊரில் ஏப்ரல் மாதம் அதிகாலை நாலு மணிக்கே அதைவிட அதிகம் இருக்கும். அவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. ஆறு மாதக் குளிரில் பழகிவிட்டு அன்றைக்கு ஒரு நாள் 24 டிகிரியில் ஓடுகிற உடம்புக்கு அது நிஜமாகவே நெருப்புதான். உடம்புக்கு வெயில் பழக பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும். அந்த நாட்களில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கிறது, நிறைய வருகிறது, அதில் போகும் உப்பு குறைகிறது. என் எடைக் கணக்கில் 900 மில்லி 1,200 ஆனதற்கு மார்ச் மாத வெயிலோடு இந்தப் பழக்கமும் காரணம்.

ஆனால் சென்னையில் வியர்வை பாதி வீண். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் 580 கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கடலோரத்தில் விடியற்காலைக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது, அதில் எங்கே காய? முழங்கையிலிருந்து சொட்டிச் சாலையில் விழுகிறது, காலுறைக்குள் இறங்குகிறது, ஷூ 'சளக் சளக்' என்கிறது. தார் ரோட்டைக் குளிர வைக்கிறேன், அவ்வளவுதான். ராஜஸ்தானில் ஓடிய நண்பர் ஒருவர் அங்கே 38 டிகிரியில் சட்டை நனையவே இல்லை, உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதனால் வேகத்தை மறந்துவிட்டு இதயத் துடிப்பைப் பார்த்து ஓடினேன். 150க்கு மேல் போனால் நடை. முதல் இரண்டு வாரம் பாதி நேரம் நடந்தேன். குழுவில் ஒரு சின்னப் பையன், "அக்கா, இது வாக்கிங் குரூப் இல்லக்கா" என்றான். அவன் ஏப்ரல் ஓட்டத்துக்கே வரவில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஆளுக்கொரு உபதேசம். "தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிச்சுக்கிட்டே இருங்க" என்பது பொதுவான மந்திரம். இதிலும் ஆபத்து இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச்சத்து, இயல்பைவிடக் குறைந்திருந்தது. பெரும்பாலும் மெதுவாக ஓடி, நிறைய நேரம் எடுத்துக்கொண்டு, வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்தவர்கள். ஓடி முடித்தபோது சிலருக்கு எடை கூடியிருந்தது. ஓட்டத்தில் எடை கூடினால் அது தப்பு என்று சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். "இங்கயும் அதான். எடை கூடினா திட்டு."

ஓட்டத்தன்று மூன்று மணிக்கு எழுந்தேன். மகன் பாத்ரூம் வாசலில் தூக்கக் கண்ணோடு நின்று, 63.4 என்று நோட்டில் எழுதினான். இரண்டு இட்லி, உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர். நாலரைக்கு உத்தண்டி சுங்கச்சாவடிப் பக்கம் போய்விட்டேன்.

ஐந்து மணிக்கு ஆரம்பம் என்று போட்டிருந்தார்கள். ஐந்துக்கு மேடையில் ஜும்பா நடந்துகொண்டிருந்தது. ஐந்தே காலுக்கும் ஜும்பா. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறாராம். வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார், கடல் காற்றில் விளக்கு இரண்டு தடவை அணைந்தது, உடல் நலத்தின் அவசியம் பற்றிப் பேசினார். எங்களை அனுப்பியபோது 5.40. குளிர் ஊரில் நாற்பது நிமிஷம் பெரிய விஷயமில்லை. ஏப்ரலில் சென்னையில் சூரியன் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும். எங்களுக்கென்று இருந்த ஒரு மணி நேர இருட்டில் நாற்பது நிமிஷத்தை அந்த விளக்கு எடுத்துக்கொண்டது. இன்னும் எனக்குக் கோபம் போகவில்லை.

காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வலி மாத்திரை. முட்டிக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்வாராம். நான் டாக்டர் இல்லை. ஆனால் சித்தப்பாவோடு மையத்தில் உட்கார்ந்திருந்த மணி நேரங்களில் காதில் விழுந்த ஒன்று இது: உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதை ஓரளவு திறந்து வைத்திருக்கும் சுரப்புகளைத்தான் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகள் அடைக்கின்றன. மாத்திரையே இல்லாமலும் நீண்ட ஓட்டம் சிறுநீரகத்தைக் கொஞ்சம் வாட்டத்தான் செய்கிறது. அமெரிக்காவில் 2015இல் ஹார்ட்ஃபோர்டு மாரத்தான் ஓடிய 22 பேரைச் சோதித்தார்கள். 82 சதவீதம் பேருக்கு ஓடி முடித்ததும் சிறுநீரகத்தில் தற்காலிகப் பாதிப்பு தெரிந்தது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. வெயிலில், தண்ணீர் குறைந்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு, நெஞ்சில் 'சிறுநீரகம் காப்போம்' என்ற வாசகத்தோடு ஓடுவது! அவரிடம் மெதுவாகச் சொன்னேன். "ஒண்ணுதாங்க போட்டேன்" என்றார்.

முதல் ஆறு கிலோமீட்டர் பேச எதுவுமில்லை. கானாத்தூர் தாண்டும்போது இடது பக்கம் வெளுத்தது. முட்டுக்காடு பாலத்தில் ஏறியபோது சூரியன் முகத்துவாரத்துக்கு மேலே ஆரஞ்சாக நின்றது. நாலைந்து பேர் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அழகுதான். ஆனால் இன்னும் 15 கிலோமீட்டர் அதே ஆள் தலைக்கு மேல் ஏறி வரப் போகிறார் என்று நினைத்தபோது ரசிக்க மனசு வரவில்லை.

பாலம் தாண்டி எட்டாவது கிலோமீட்டரில் பெரிய மேசை. கல்லூரிப் பிள்ளைகள் கூவிக் கூவிக் கொடுத்தார்கள். தண்ணீர், எலக்ட்ரால், நாலாக வெட்டிய ஆரஞ்சு, பாதியாக நறுக்கிய வாழைப்பழம், ஒரு தட்டில் கல் உப்பு தூவிய வெள்ளரி, ஓரத்தில் ஒருவர் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். நான் வாழைப்பழத்தைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன்.

சித்தப்பா வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் மையத்து டயட்டீஷியன் கொடுத்த தாள் ஒட்டியிருக்கிறது. சிவப்பு மையில் 'கூடாது' என்று ஒரு பத்தி. இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. ஆரஞ்சு கூடாது. மூன்றிலும் பொட்டாசியம், சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். உப்பு குறைக்கவும். தண்ணீர் அளவோடு. அந்தத் தாளைப் பார்த்து யாரோ கடைக்குப் போய் வாங்கி வந்து இந்த மேசையில் பரப்பி வைத்த மாதிரி இருந்தது. அவருக்கு விஷமானதெல்லாம் வரிசையாக இருக்கிறது, அவருக்காக ஓடுகிற நான் அதையெல்லாம் தின்றால்தான் அடுத்த மேசை வரை போக முடியும்.

"ஆன்ட்டி, ஏதாச்சும் பண்ணுதா?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். ஒன்றுமில்லை என்று வாழைப்பழத்தைத் தின்றேன். இளநீரும் குடித்தேன். தாகத்துக்கு மனசாட்சி கிடையாது.

கோவளம் திருப்பத்தில் மணி ஏழு. அதுவரை முதுகிலாவது கொஞ்சம் காற்று இருந்தது. திரும்பியதும் அதுவும் நின்றது. சவுக்குத் தோப்புகள் இருந்த இடமெல்லாம் இப்போது மதில் சுவர்கள், காலை வெயிலை வாங்கி நம் மேலேயே திருப்பி விடுகின்றன. கடிகாரம் 158 காட்டியது. வேகம் ஏறவில்லை, துடிப்பு மட்டும் ஏறுகிறது. ரத்தத்தில் நீர் குறைந்துவிட்டதால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. நடந்தேன்.

14ஆவது கிலோமீட்டர் மேசையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. காலி கேன்கள் கவிழ்ந்து கிடந்தன. முன்னால் வந்தவர்கள் தலையில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், அடுத்த வண்டி வந்துகொண்டே இருக்கிறதாம், சிறப்பு விருந்தினர் வந்த மாதிரியே. பொறுப்பில் இருந்த பையன் அழுகிற நிலையில் இருந்தான், அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. முட்டுக்காடு பாலத்தை வாய் உலர்ந்து தாண்டினேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுகிற வரை தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சித்தப்பாவின் பாட்டிலில் சித்தி போட்டிருக்கும் மார்க்கர் கோடு ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு இது இன்னும் இரண்டு கிலோமீட்டருக்குத்தான். பாலம் இறங்கியதும் ஒரு டீக்கடைக்காரர் கேட்காமலே சொம்பில் மொண்டு நீட்டினார். நாலைந்து பேர் வரிசையாக நின்று அண்ணாந்து குடித்தோம்.

கானாத்தூரில் ரெட்டிக்குப்பம் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பையன், 25 வயது இருக்கும், சாலையில் கோணல்மாணலாக ஓடிக்கொண்டிருந்தான். இடித்துவிடுவானோ என்று ஒதுங்கினேன். அவனோ சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போய் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பேர் கேட்டால் "அம்மா கடைக்குப் போயிருக்காங்க" என்றான். உடம்பைத் தொட்டால் சுடுகிறது. தன்னார்வலர்கள் ஆட்டோவை நிறுத்தி அவனைத் தூக்கப் போனார்கள். பின்னால் ஓடி வந்த ஒரு பெண், டாக்டர் போலிருக்கிறது, "ஏத்தாதீங்க, முதல்ல குளிர வைங்க, அப்புறம் ஏத்தலாம்" என்று கத்தினார்.

எதை வைத்துக் குளிர வைக்க? தண்ணீர் வண்டியே வரவில்லை. சாலை ஓரத்தில் மீன் விற்கிற அம்மா ஒருவர் அப்போதுதான் தெர்மாகோல் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து, சங்கரா மீனையெல்லாம் கோணியில் கொட்டிவிட்டு, ஐஸைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். யாருடைய துண்டோ, அதில் ஐஸைக் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தோம். உருகிய மீன் தண்ணீரை அந்த அம்மாவே ஒரு டப்பாவில் மொண்டு மொண்டு அவன் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினார், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற மாதிரி. டாக்டர் பெண் விசிறச் சொன்னார். என் நம்பர் அட்டையைக் கழற்றி விசிறினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணைத் திறந்து, "என்னங்க ஒரே மீன் நாத்தம்" என்றான். பேரும் சொன்னான். ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போனது. சாயங்காலம் குழுவில் செய்தி வந்தது, நன்றாக இருக்கிறானாம்.

மீன் அம்மாவிடம் ஐஸுக்கு எவ்வளவு என்று டாக்டர் பெண் கேட்டார். "போம்மா, வெயில் ஏறுது, ஓடு" என்றார். அவருடைய மீன் வெயிலில் கோணி மேல் கிடந்தது. ஐஸ் இல்லாமல் அது எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும், அன்றைக்கு அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியாது. திரும்பிப் போய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு போனேன், அந்த இடத்தில் அவர் இல்லை. 41,800 ரூபாய்க்கு ரசீது இருக்கிறது, அந்த ஒரு பெட்டி ஐஸுக்கு இல்லை.

மீதித் தூரத்தை ஓட்டம் என்று சொல்ல முடியாது. 8.40க்கு வந்து சேர்ந்தேன். மூன்று மணி நேரம். கழுத்தில் ஒரு பதக்கம், கையில் ஒரு டி-ஷர்ட், ஒரு பிளாஸ்டிக் பையில் பிஸ்கட், இரண்டு விளம்பரக் காகிதம். பதிவுக் கட்டணம் 900 ரூபாயில் இந்தப் பதக்கமும் டி-ஷர்ட்டும் எவ்வளவைத் தின்றிருக்கும் என்று வங்கிப் புத்தி கணக்குப் போட்டது. அடுத்த வருஷம் இரண்டும் வேண்டாம், அந்தக் காசுக்கு 14ஆவது கிலோமீட்டரில் நாலு கேன் தண்ணீரும் ஒரு பெட்டி ஐஸும் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து எடை மிஷினில் ஏறினேன். 61.5. மகன் நோட்டில் எழுதி, "1.9 அவுட்" என்று கோடு போட்டான்.

குளித்துவிட்டுப் பதினொரு மணிக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நேற்று டயாலிசிஸ் முடிந்த களைப்பில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பதக்கத்தை வாங்கிக் கையில் எடை பார்த்தார்.

"எவ்ளோ குறைஞ்ச?"

"ஒண்ணு தொள்ளாயிரம்."

"எவ்ளோ நேரம்?"

"மூணு மணி நேரம்."

"நேத்து எனக்கு ரெண்டு நானூறு. நாலு மணி நேரம். படுத்துக்கிட்டே." சிரித்தார். "காலு பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

"எங்க?"

காட்டினேன். தன் காலில் அதே இடத்தைத் தடவிக்கொண்டார். அந்தப் பையனைப் பற்றி, மீன் ஐஸைப் பற்றியெல்லாம் சொன்னேன். முப்பது வருஷம் அந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களைத் தனக்குத் தெரியும் என்றும், எந்த ஊரில் டீக்கடைக்காரர் கேட்காமலே தண்ணீர் கொடுப்பார் என்றும் ஒரு பட்டியல் சொன்னார். சித்தி அடுப்படியிலிருந்து ஒரு பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். பானைத் தண்ணீர், வெட்டிவேர் வாசம்.

அவர் எதிரில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. நாலு வருஷமாக அப்படித்தான். அடுப்படிக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன். இப்போதும் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போற? உக்காரு. இங்கயே குடி."

"இல்ல சித்தப்பா..."

"ரெண்டு லிட்டர் விட்டுட்டு வந்திருக்க. குடி. நான் பாக்குறேன்."

உட்கார்ந்து அண்ணாந்து குடித்தேன். தொண்டையில் இறங்குகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சொம்பைக் கீழே வைத்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். ஜன்னலில் துளசி வெயிலில் அசைந்துகொண்டிருந்தது.

"ஆச்சா?" என்றார், கண்ணைத் திறக்காமலே. "சித்திகிட்ட இன்னொரு சொம்பு கேளு. இந்தத் தடவை மெதுவா குடி."